சீன லூயியின் பின்வரிசை மூலை

கரப்பந்தாட்டத்தில் பக்கத்துக்கு ஆறு பேர். இதை முப்பது வருடம் விசில் ஊதிச் சொன்னவன் நான். ஆறு பேரும் மணிக்கூடு சுற்றுகிற பக்கமாக இடம் மாறவேண்டும். பந்தை மூன்று தரத்துக்கு மேல் தொடக்கூடாது. சண்டிலிப்பாயிலிருந்து கரவெட்டி வரைக்கும் எந்த மைதானமானாலும், நமசிவாயம் அம்பயர் என்றால் பொடியள் கோட்டை மிதிக்கப் பயப்படுவார்கள். 'விசில் விழுங்கி' என்று எனக்குப் பட்டம் வைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் கோட்டை மிதித்துப் பிடிபட்டவர்கள்தான், அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு மனிதர் துணிந்து சொன்னார், பக்கத்துக்கு ஒன்பது பேர் என்று. யாரும் இடம் மாறத் தேவையில்லை என்றும் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். ஆனால் என் வாய் நிறையப் பல் அச்சு எடுக்கிற மருந்து குழைத்து அப்பியிருந்தது. அப்பியவரும் அவர்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் அது. ஒடியல் துண்டு ஒன்றை, காய்ந்த பனங்கிழங்கை, கடித்து முன்பல் இரண்டையும் பறிகொடுத்திருந்தேன். அரசாங்கக் கச்சேரியில் என்னோடு வேலை செய்த கனகரத்தினம், "சீன லூயியிட்டைப் போம். பல்லுக் கட்டினால் ஆயுசுக்கும் அசையாது" என்று அனுப்பிவைத்தார். யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற தெருவில் கடை. கண்ணாடி அலுமாரிக்குள் கட்டுப்பற்கள் வரிசையாக இருந்து தெருவைப் பார்த்துச் சிரித்தன. உள்ளே ஒரு குள்ளமான மனிதர், சாரமும் வெள்ளைச் சேட்டும், முகம் முழுச் சீனம், வாயைத் திறந்தால் முழுக் குருநகர்த் தமிழ்.

"அம்பயர் ஐயாவோ! வாங்கோ, வாங்கோ. உங்களோடை ஒரு கதை கதைக்கவேணுமெண்டு கனநாளாப் பாத்துக்கொண்டிருந்தனான். வாயைத் திறவுங்கோ" என்றார்.

திறந்தேன். அவ்வளவுதான். அடுத்த கால்மணி நேரம் அவர் கதைத்தார், நான் கேட்டேன்.

"எங்கடை ஆக்கள் ஒன்பது பேர் விளையாடுவினம், ஐயா. சுத்திறதில்லை. ஆர் எங்கை நிக்கிறாரோ அவர் கடைசிவரைக்கும் அங்கைதான். விளங்குதோ? விளங்கினால் தலையை ஆட்டுங்கோ. ஐயையோ, ஆட்டாதேங்கோ! அச்சுக் கோணிப்போம்."

பக்கத்தில் பேசின் பிடித்துக்கொண்டு நின்ற பெண் அதட்டினாள். "பாவம் அந்த மனிசன். வாய் திறந்து கிடக்குது எண்டு உங்கடை கதை முழுக்க அதுக்குள்ளை போடாதேங்கோ." அதுதான் பெர்னடெட், லூயியின் மனைவி. குருநகர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். அவள் நாக்குக்கு லூயியின் பல்லுப் பிடுங்குகிற குறடு தோற்றுப்போகும்.

லூயி சீனத்தைக் கண்ணால் கண்டதில்லை. கண்டது அவருடைய தகப்பன்தான். தென்சீனத்துக் கிராமமொன்றிலிருந்து புடவைப் பொட்டலத்தோடு கப்பலேறி வந்து, சைக்கிளில் புடவை விற்று, பிறகு பல்லுக் கட்டப் பழகி, யாழ்ப்பாணத்தில் தங்கியவர். லூயி என்பது குடும்பப் பெயர். சொந்தப் பெயர் கொக் மிங். அதைச் சொல்லிக் கூப்பிட எங்கள் சனத்துக்குப் பொறுமை இருக்கவில்லை.

அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த ஒன்பது குடும்பங்கள் இலங்கை முழுக்கச் சிதறிக் கிடந்தன. கொழும்பில் புடவைக்கடை, கண்டியில் பல்லு, காலியில் பல்லு, பதுளையில் பல்லு என்று ஊருக்கொன்று. வருடத்துக்கு ஒருமுறை, சித்திரை பிறக்க ஒரு கிழமைக்கு முன்னர், செத்தவர்களின் கல்லறையைத் துப்புரவாக்குகிற நாளில், முறைவைத்து ஒரு ஊரில் கூடுவார்கள். கல்லறைக்குப் போவார்கள். வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். பிறகு அந்த ஊர்க்காரரை ஒரு பக்கம் நிறுத்தி, தாங்கள் ஒன்பது பேரும் மறுபக்கம் நின்று பந்தடிப்பார்கள்.

ஒன்பது குடும்பம், ஒன்பது இடம். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. தகப்பன் நின்ற இடத்தில்தான் மகன் நிற்கவேண்டும். வலைக்கு நடுவில் நின்று அடிக்கிற இடம் கொழும்புப் புடவைக்கடை லியோங் குடும்பத்துக்கு. லூயி குடும்பத்துக்குப் பின்வரிசை இடது மூலை. லூயியின் தகப்பன் அங்கே நின்றார், அவர் செத்தபிறகு லூயி நின்றார். எதிரி அடிக்கிற பந்தை ஏந்தி லியோங்குக்குக் கொடுக்கிறதே வேலை. கைதட்டு முழுக்க லியோங்குக்கு.

இதில் இன்னொரு வழமையும் இருந்தது. ஒரு குடும்பத்தில் நிற்க ஆளில்லாமல் போனால், செத்தோ நாட்டை விட்டோ போனால், அந்த இடத்தை வேறு யாரும் நிரப்பமாட்டார்கள். மூத்தவர் குதிக்காலால் அந்த இடத்தில் ஒரு வட்டம் கீறுவார். அதற்குள் ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது. பந்து அதற்குள் வந்து விழுந்தால் விழட்டும், புள்ளி போனால் போகட்டும்.

'உது விளையாட்டோ, திவசமோ?' என்று கேட்க என் நாக்குத் துடித்தது. மருந்து இறுகிவிட்டிருந்தது.

அந்த வருடம் ஆடியில் நாடு பற்றி எரிந்தது. கூடுகிறதெல்லாம் நின்றுபோயிற்று. குருநாகல் குடும்பம் கனடாவுக்குப் போயிற்று, இன்னொன்று அவுஸ்திரேலியாவுக்கு. திருகோணமலைக் கிழவர் பிள்ளையில்லாமல் செத்துப்போனார். லூயியையும் வரச்சொல்லிக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். "சண்டை எண்டாலும் சனம் சாப்பிடத்தானே வேணும். சாப்பிடப் பல்லு வேணும்" என்று சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தார். இலங்கை ஆமியும் அந்தக் கதிரையில் வாயைத் திறந்தது, இயக்கப் பொடியளும் திறந்தார்கள், பிறகு இந்திய ஆமியும் வந்து திறந்தது. வேறு வேறு நாளில்தான், நல்லகாலம். எல்லாருக்கும் லூயி கரப்பந்துக் கதைதான் சொன்னார். துவக்கு வைத்திருந்தவர்களாலும் குறுக்கே பேச முடியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு பங்குனிக் கடைசியில் இந்திய ஆமி கப்பலேறிப் போயிற்று. தெருவில் சனம் மூச்சுவிட்டது, கொழும்பு ரெயிலும் ஓடியது. ஒருநாள் காலமை லூயி சைக்கிள் மிதித்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு, என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு கதலி வாழைப்பழம்.

"லியோங் கடிதம் போட்டிருக்கிறார், ஐயா. ஏழு வருசத்துக்குப் பிறகு கூடப்போகினம். முறை எங்கடை. நீங்கள்தான் அம்பயரா நிக்கவேணும்."

"ஒன்பது பேர் விளையாட்டுக்கு நான் ஊதமாட்டன். என்ரை கொள்கை ஒண்டு இருக்குது" என்றேன்.

லூயி வாழைப்பழத்தைத் திண்ணையில் வைத்தார். எனக்குக் கட்டின பல்லைப் பார்த்தாரோ, என்னைப் பார்த்தாரோ தெரியாது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு ஐம்பத்தெட்டு முடிஞ்சுது. முழங்கால் சரியில்லை. ஆம்பிளைப் பிள்ளை இல்லை, இருக்கிறது றோஸ் ஒருத்திதான். எனக்குப் பிறகு என்ரை மூலையிலை வட்டம் கீறிப்போடுவினம், ஐயா. அப்பர் நிண்ட இடம். அதிலை அவளை நிப்பாட்ட வேணும். லியோங்கிட்டைக் கேக்கப்போறன். வேறையொண்டும் எனக்கு வேண்டாம்."

றோஸைக் குருநகரில் தெரியாதவர்கள் இல்லை. இருபது வயது. தாயின் தம்பிமாரோடு கடற்கரையில் பந்தடித்து வளர்ந்தவள். "பொம்பிளைப் பிள்ளை பொடியளோடை நிண்டு துள்ளுறாள்" என்று கோயில் வாசலில் கதைத்த சனமே, பின்னேரத்தில் அவள் அடிக்கிறதைப் பார்க்க வேலிக்கு மேலால் எட்டிப்பார்க்கும். நானும் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு அது அபூர்வம்.

எனக்கு இரக்கம் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. "சரி, வாறன். ஆனால் விதி எண்டால் விதிதான். முகம் பாத்து ஊதமாட்டன்" என்றேன்.

"அதுக்குத்தானே உங்களைக் கேக்கிறன்" என்றார் லூயி.

ரெயிலில் ஐந்து குடும்பம் வந்தது. லூயியோடு ஆறு. லியோங்குக்கு அறுபத்தாறு வயது. தலைமயிருக்குக் கறுப்பு மை அடித்து, மார்பை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நடந்தார். புறக்கோட்டையில் கடை வைத்துப் பழகிய தமிழ். முதல்நாள் கல்லறைக்குப் போனார்கள், லூயியின் தகப்பனுக்குப் பொரித்த கோழி படைத்தார்கள், பிறகு அந்தக் கோழியையே வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பிட்டார்கள். நான் மரக்கறிக்காரன், எனக்குப் பெர்னடெட் புதுச்சட்டி வாங்கிப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் லூயி கேட்டார்.

லியோங் எலும்பை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "பொம்பளப் புள்ளைக்கி எடம் இல்ல, லூயி. அது ஒண்ணு. ரெண்டாவது, இவ பாதி. பாதி ஆளை முழு எடத்துல நிறுத்த ஏலாது."

லூயி தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. பெர்னடெட் குனியவில்லை. அகப்பையோடு வந்து நின்றாள்.

"பாதியோ? பத்துமாசமும் முழுசாத்தான் சுமந்தனான், அண்ணை. பாதியிலை இறக்கி வைக்கேல்லை."

கண்டிப் பல்லுக்காரர் இன்னொரு கோழித்துண்டு எடுத்தார். லியோங் அசையவில்லை. "வழமையை நான் மாத்த ஏலாது. எங்க அப்பா வச்சது" என்று எழுந்து போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நாலு வார்த்தை கேட்கத்தான் இருந்தேன். ஆனால் எந்த வாயால் கேட்பது? எங்கள் ஊர்க் கோயிலில் யார் எந்தப் படிவரைக்கும் வரலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்று தகப்பன்மார் கீறி வைத்த கோட்டை நாங்கள் எத்தனை பேர் அழித்தோம்? பந்தடிக்கிற இடத்தில் மட்டும்தான் நாங்கள் சுற்றிச் சுற்றி இடம் மாறுகிறவர்கள். புட்டைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தேன்.

மறுநாள் பின்னேரம் ஆட்டம். குருநகர்க் கடற்கரை மணலில் கயிறு இழுத்துக் கோடு. வலையைப் பெர்னடெட்டின் தம்பி சவிரிமுத்து தன் கையால் முடிந்திருந்தான். பந்து என்ன, சூடைமீன் குஞ்சுகூட அதற்குள்ளால் போகாது. அவன்தான் குருநகர்ப் பக்கத்துக்குத் தலைவன். ஆனால் அவனிடம் இருந்தது எட்டுப்பேர். ஒன்பதாவது ஆள் முதல்நாள் கல்யாணவீட்டில் மூன்று பந்தி சாப்பிட்டு, இப்போது வயிற்றோட்டத்தில் கிணற்றடியை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தான்.

"அப்ப நான் நிக்கிறன், மாமா" என்றாள் றோஸ்.

சவிரிமுத்து என்னைப் பார்த்தான். நான் லியோங்கைப் பார்த்தேன். "அந்தப் பக்கம் யார் நிண்டாலும் எனக்கென்ன?" என்றார் லியோங். அப்படியாக, தகப்பனின் பக்கத்தில் இடம் கிடைக்காதவள் தகப்பனுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். லூயி தன் மூலைக்குப் போனார். லியோங் மூன்று இடத்தில் குதிக்காலால் வட்டம் கீறினார். ஒன்பது இடத்தில் ஆறு பேர். நான் விசிலை ஊதினேன். என் வாழ்க்கையில் முதல்முறை, கொள்கைக்கு மாறாக.

ஆட்டத்தை என்னவென்று சொல்ல! குருநகர்ப் பொடியளுக்கு நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், "சுத்தக்கூடாது, நிண்ட இடத்திலேயே நில்லுங்கோ" என்று. ஓமோம் என்று தலையாட்டினார்கள். முதலாவது சேவிஸ் அவர்கள் கைக்கு மாறினதும் ஒன்பது பேரும் பழக்கதோஷத்தில் இடம் மாற வெளிக்கிட்டார்கள். ஆறு பேருக்குச் சுற்றத் தெரியும், ஒன்பது பேருக்கு எப்படிச் சுற்றுவது? இரண்டு பேர் தலையோடு தலை மோதினார்கள். ஒருவன் வலைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நில்லுங்கோடா, கோதாரி விழுவாங்களே!" என்று கத்தினதில் என் கட்டுப்பல் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. லூயி தன் மூலையிலிருந்து, "ஐயா, நான் கட்டினதிலை பிழையில்லை, நீங்கள் கத்தினதுதான் பிழை" என்றார்.

கிழவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஓடவில்லை, பாயவில்லை, நின்ற இடத்தில் நின்று கையைக் கொடுத்தார்கள். நாற்பது வருடம் ஒரே இடத்தில் நின்றவனுக்கு அந்த இடத்துக்கு வருகிற பந்தின் குணம் தெரியும். பொடியளும் வட்டத்துக்குள் அடிக்க முதலில் வெட்கப்பட்டார்கள். செத்தவர் நிற்கிற இடத்தில் அடித்துப் புள்ளி எடுப்பதா என்று. பத்துப் புள்ளி பின்னுக்கு நின்றபோது அந்த வெட்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. கிழவர்களுக்குப் பதினைந்து வந்தபோது வட்டத்தைத் தேடித் தேடி அடித்தார்கள்.

றோஸின் சேவிஸ் முறை வந்தது. குருநகரில் வானச் சேவிஸ் என்று சொல்லுவார்கள். கீழே குனிந்து முட்டிக்கையால் ஏற்றி அடித்தால் பந்து தென்னை மரத்துக்கு மேலால் போய், கடற்காற்றில் நின்று யோசித்து, பிறகுதான் இறங்கும். எங்கே இறங்கும் என்று பந்துக்கே தெரியாது, றோஸுக்கு மட்டும் தெரியும். முதல் மூன்று சேவிஸையும் தகப்பனின் மூலையை விட்டு விலத்திப் போட்டாள். லூயிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எடி, எனக்குப் போடடி! நானென்ன வட்டமோ?"

போட்டாள். லூயி இரண்டு அடி பின்னுக்குப் போய், கையைத் தாழ்த்தி, அந்தப் பந்தைக் குழந்தைப்பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கி முன்னுக்குக் கொடுத்தார். லியோங் அடித்தார், புள்ளி. வெளியே நின்ற பெர்னடெட் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் தட்டினாள்.

குருநகருக்கு இருபது, சீனருக்குப் பத்தொன்பது. இருபத்தொன்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது. சேவிஸ் மறுபடி றோஸின் கைக்கு வந்திருந்தது. அதற்கு முந்தின பந்தில்தான் அது நடந்தது. சவிரிமுத்து அடித்த அடிக்கு லூயி பாய்ந்தார். அந்த வயதில் பாயக்கூடாது. முழங்கால் பிசகி மணலில் விழுந்தவர் எழும்பவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே இருத்தினார்கள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

லியோங் வலையடியை விட்டுப் பின்னுக்கு நடந்து வந்தார். இடது மூலையில் நின்றார். குதிக்காலை மணலில் ஊன்றி வட்டம் கீறினார்.

லூயி அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நான் உயிரோடைதானே இருக்கிறன், லியோங்" என்றார்.

"நிக்க ஆள் இல்லன்னா வட்டம்தான், லூயி. உனக்குத் தெரியும்" என்றார் லியோங். அவருடைய குரலும் சரியாக இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் விசில் ஊதினேன். வேறென்ன செய்ய? றோஸ் பந்தோடு பின்கோட்டில் நின்றாள். சவிரிமுத்து கத்தினான்: "மூலைக்குப் போடு, பிள்ளை! அங்கை ஆளில்லை!" பொடியள் எல்லாரும் சேர்ந்து, "மூலைக்கு! மூலைக்கு!" என்றார்கள்.

அவள் மூலைக்குத்தான் போட்டாள். ஆனால் அந்தப் பந்து போன உயரத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எல்லாரும் அண்ணாந்து மேலே பார்த்தார்கள். நான் நடுவர், கோட்டைப் பார்க்கவேண்டியவன், அதனால் நான் ஒருத்தன்தான் அவளைப் பார்த்தேன். பந்தை அடித்த கையோடு றோஸ் ஓடினாள். பொடியளுக்கு நடுவால் ஓடி, வலைக்குக் கீழால் குனிந்து, கண்டிப் பல்லுக்காரரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தான் போட்ட பந்துக்கு முன்னால் போய் அந்த மூலையில் நின்றாள். நம்பாதவர்கள் நம்பாமல் இருங்கள். காற்று உதவி செய்தது என்று நானே ஒத்துக்கொள்கிறேன்.

பந்து இறங்கியது. கையைத் தாழ்த்தினாள். வாங்கினாள். கொடுத்தாள். அது வலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், லியோங்கின் வலது தோளுக்கு நேரே, அசையாமல் வந்து நின்றது. லியோங் யார் கொடுத்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம். எழும்பி அடித்தார். பந்து சவிரிமுத்துவின் காலடியில் குழி தோண்டியது.

பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். றோஸ் வட்டத்துக்குள் நின்றாள். மூச்சு வாங்கினாள், ஆனால் நகரவில்லை.

"அம்பயர் அண்ணை! உவள் எங்கடை ஆளெல்லோ! என்ன அநியாயம் இது?" என்று சவிரிமுத்து துள்ளினான். "றோஸ், இஞ்சாலை வா!"

"நான் வரேல்லை, மாமா" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு பேர் விளையாட்டின் விதி எனக்கு மனப்பாடம். ஒன்பது பேர் விளையாட்டிலும் இப்படி ஒன்றுக்கு விதி இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் நடுவர் என்று நின்றால் ஒரு தீர்ப்புச் சொல்லத்தான் வேண்டும். லியோங்கைக் கூப்பிட்டேன். உரத்துத்தான் சொன்னேன், கடைசி ஆளுக்கும் கேட்கட்டும் என்று.

"ஐயா, வடிவாக் கேளுங்கோ. உந்த மூலையிலை நிக்கிறது வெளியாள் எண்டால், வெளியாள் தொட்ட பந்து செத்த பந்து. திருப்பிப் போடலாம், உங்களுக்கு இன்னும் வழியிருக்குது. உங்கடை ஆள் எண்டால், அம்பயருக்குச் சொல்லாமல் உள்ளை வந்தது உங்கடை பிழை. புள்ளி குருநகருக்கு. இருபத்தொண்டு. ஆட்டம் முடிஞ்சுது. நீங்கள் சொல்லுறதுதான் எனக்குக் கணக்கு. வெளியாளோ, உங்கடை ஆளோ?"

லியோங் தோற்றுப் பழகாதவர் என்று எனக்கு லூயி சொல்லியிருந்தார். மற்றக் கிழவர்கள் அவரைச் சுற்றி நின்று தங்கள் பாஷையில் கசமுசா என்றார்கள். கண்டிப் பல்லுக்காரர், "வெளியாள்னு சொல்லுங்க, ஜெயிச்சிடலாம்" என்று தமிழிலேயே சொன்னார். லியோங் றோஸிடம் நடந்து போனார். அவள் கால்களைப் பார்த்தார். கீறின வட்டம் பாதி அழிந்து கிடந்தது. மிச்சப் பாதியை அவர் தன் காலாலேயே தேய்த்து அழித்தார்.

"எங்க ஆள்தான். புள்ளியக் குடுங்க" என்றார்.

நான் ஊதினேன். பொடியள் வெற்றி வெற்றி என்று குதித்தார்கள். லியோங் லூயியிடம் வந்து குந்தினார். "இருவத்தஞ்சு வருசமா இந்த மாதிரி ஒரு பந்து எனக்கு வரல" என்றார்.

"அப்ப நான் தந்ததெல்லாம் என்ன?" என்று லூயி சீறினார். சீறும்போதே கண் இரண்டும் நிறைந்து வழிந்தது. துடைக்க மறந்துபோனார். பெர்னடெட் முந்தானையால் துடைத்துவிட்டு, "விசர் மனிசன்" என்று சொல்லித் தானும் அழுதாள்.

லூயியைச் சவிரிமுத்துவின் தள்ளுவண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மீன்பெட்டி வைக்கிற வண்டி. நான் ஒரு பக்கம் தள்ளினேன். வழியில் நின்ற ஒருத்தரையும் அவர் விடவில்லை. மீன் வாங்க வந்தவர்கள், கோயிலுக்குப் போனவர்கள், அவரிடம் பல்லுக் கட்டினவர்கள், கட்டாதவர்கள், எல்லாரையும் கைகாட்டி நிறுத்தி, வண்டிக்குள் இருந்தபடியே சொன்னார்:

"நாங்கள் தோத்துப்போனம். இருபத்தொண்டு, பத்தொன்பது. ஆரின்ரை பிழையாலை தெரியுமோ? என்ரை மகளின்ரை பிழையாலை!"